பாலம் இருந்த டிஸ்க்

குடைச்சலுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுகூட நிறுத்தத்து பெஞ்சில் ஆணி ஆடுகிறதா என்று நகத்தால் நெம்பிப் பார்ப்பாள். மூடியிருக்கும் எதைக் கண்டாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. ரேடியோ, கடிகாரம், அம்மாவின் தையல் மெஷின், பக்கத்து வீட்டுக்காரரின் காதுக்கருவி என்று சின்ன வயதில் அவள் பிரித்துப் போட்டதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் கதை இங்கேயே நின்றுவிடும். பிரித்ததில் பாதியைத் திரும்பச் சேர்த்தும் இருக்கிறாள். அதை மட்டும் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. குடைச்சல் என்பது அப்படி வந்த பெயர், அக்கா வைத்தது. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் இப்போது அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

கடைசியாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தாள். திரை உடைந்ததென்று வந்த லேப்டாப்பில் விசிறி சத்தம் சரியில்லையே என்று யாரும் கேட்காமலே அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து வைத்துவிட்டாள். வாடிக்கையாளர் வந்து நின்றபோது அவருடைய லேப்டாப் ஒரு மேஜை முழுக்கப் பரவியிருந்தது. அன்றோடு சீட்டுக் கிழிந்தது. அதிலிருந்து அக்கா வீட்டில்தான் இருக்கிறாள்.

அக்காவுக்குத் தொழில் எடிட்டிங். வீட்டின் முன்னறைதான் ஸ்டூடியோ. இரண்டு திரைகள், கறுப்புத் திரைச்சீலை, நாற்காலி ஒன்று, அதன் முதுகில் எப்போதும் தொங்கும் ஒரு சால்வை. அடுத்தவர்கள் எடுத்த படத்தை வெட்டி ஒட்டிக் கொடுத்தே பாதி வயது போய்விட்டது அவளுக்கு. அப்படிப்பட்டவள்தான் போன மழைக்காலத்தில் தனக்கென்று ஒரு படம் எடுத்தாள். ஆற்றின் மேலிருந்த பழைய இரும்புப் பாலத்தை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், தினமும் விடிவதற்குள் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் நின்றாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள், வேலைக்கு நேரமாகிவிட்டதென்று ஓடுகிறவர்கள், பாதிப் பாலத்தில் நின்று சண்டை போட்டுவிட்டுச் சேர்ந்தே நடக்கிற ஒரு கணவன் மனைவி, கடைசியில் கிரேன் வந்து பாலத்தைத் துண்டு துண்டாகத் தூக்கியது வரை எல்லாவற்றையும் எடுத்தாள். மழையில் குடை பிடித்தவள் குடைச்சல். இப்போது அந்த இடத்தில் இரண்டு கரைகளும் தண்ணீரும்தான் இருக்கின்றன. மறுபடி எடுக்கலாம் என்கிற பேச்சுக்கே இடமில்லை.

படம் சேரச் சேர ஸ்டூடியோவில் இடம் போதவில்லை. அறையில் அடி எடுத்து வைக்கிற இடமெல்லாம் தாராளமாக இருந்தது, டிஸ்க்கில்தான் இல்லை. எல்லாப் படத்தையும் ஒரே இடத்தில் போட்டு வைக்க ஒரு சர்வர் வேண்டும், அதற்குள் ஆறு பெரிய ஹார்ட் டிஸ்க் வேண்டும். “கம்பெனி ஆளையே கூப்பிட்டுப் போடச் சொல்லலாம்” என்றாள் அக்கா.

குடைச்சல் துள்ளிக் குதித்தாள். “நான் ஒருத்தி குத்துக்கல்லு மாதிரி இருக்கேன், கம்பெனி ஆளா? அக்கா, கேளு. கடையில வெறும் டிஸ்க்கா வாங்கினா விலை அதிகம். அதே டிஸ்க்கை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள வெச்சு, வெளிய கேபிள் மாட்டி விக்கிறான் பாரு, அது மலிவு. பெட்டிய வாங்கிப் பிரிச்சு உள்ள இருக்கிறத எடுத்து சர்வர்ல மாட்டிக்க வேண்டியதுதான்.”

“சட்டை போட்டது மலிவு, சட்டை இல்லாதது விலை அதிகமா? என்ன நியாயம்டி இது?”

“வியாபாரத்துல நியாயம் பார்க்க நீ யாரு?”

“பிரிச்சா உள்ள இருக்கிறது கெட்டுப்போகாதா?”

“பெட்டி வெறும் சட்டைதான்க்கா. கழட்டினா உள்ள இருக்கிறது அப்படியே இருக்கும்.”

இந்தக் கடைசி வாக்கியத்தை அவள் எவ்வளவு தைரியமாகச் சொன்னாள் என்பதை நாம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பாதி தெரிந்தவர்களுக்கு வாய்க்கிற தைரியம் முழுக்கத் தெரிந்தவர்களுக்கு வாய்ப்பதில்லை.  அக்கா சரி என்றாள். குடைச்சலுக்கு உச்சி குளிர்ந்துபோனது. யாரோ ஒரு வேலையை அவளை நம்பிக் கொடுத்து எத்தனையோ நாளாகிவிட்டது. இதைச் சரியாகச் செய்துவிட்டால், இந்த வீட்டில் இனிமேல் “அவகிட்ட குடுக்காத” என்கிற சொல்லே கேட்காது என்று நினைத்தாள்.

பாலத்தின் படத்தைப் பார்க்க விரும்பிய ஒரு திரையிடல் குழுவைச் சந்திக்க அக்கா வெளியூர் கிளம்பினாள். புது சர்வர் பின்னறையில் தயாராக இருந்தது, ஆறு பெட்டிகளும் வாங்கி வந்து அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கியிருந்தன. அக்காவின் ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள் குடைச்சல் முதல் பெட்டியைப் பின்னறை மேஜைக்கு எடுத்து வந்துவிட்டாள்.

இந்த வேலைக்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் பெட்டியோடேயே கேபிளில் மாட்டி, உள்ளே என்ன இருக்கிறது, டிஸ்க் நல்லதா என்று பார்க்க வேண்டும். பிறகுதான் பிரிக்க வேண்டும். இது அரிச்சுவடி. குடைச்சல் முதல் பெட்டியை ஒழுங்காக மாட்டிப் பார்த்தாள். இரண்டாவதையும் பார்த்தாள். இரண்டும் காலி, இரண்டும் நல்லவை. அதற்குமேல் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. மூன்றாவது பெட்டி வந்த அட்டைப்பெட்டியில் ஒட்டு ஏற்கெனவே பிரிந்திருந்தது. அக்காவின் கணவர் எட்டிப் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். மூன்றிலிருந்து ஆறுவரை கேபிளே மாட்டவில்லை. எல்லாம் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியதுதானே!

பிரிப்பது சுகமான வேலை. காலாவதியான நூலக அட்டைகள் நான்கைப் பெட்டியின் இடுக்கில் ஒவ்வொன்றாகச் செருகி மெல்ல நெம்பினால், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கொக்கிகள் ‘டக்’ ‘டக்’கென்று விடுபடும். முதல் பெட்டியில் இரண்டு கொக்கி உடைந்தது. நான்காவதில் ஒன்றுகூட உடையவில்லை. தோலுரித்ததும் உள்ளிருந்து டிஸ்க் வரும், நாலு மூலையிலும் அதிராமலிருக்க ரப்பர்க் கட்டைகள், பின்பக்கம் விரல் நீளத்தில் ஒரு சின்னப் பச்சை போர்டு. அந்த போர்டுதான் டிஸ்க்குக்கும் கேபிளுக்கும் நடுவே நிற்கிற தரகர். அதைக் கழற்றிப் போட்டுவிட்டால் டிஸ்க் நேராக சர்வரோடு பேசும்.

மாமா வந்து எட்டிப் பார்த்தார். மாமா என்றால் அக்காவின் கணவர். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு துடைக்கும் துணி இருக்கும். பேசிக்கொண்டே எதையாவது துடைத்துக்கொண்டிருப்பார், எதிரில் நிற்பவரின் கண்ணாடி உட்பட.

“வாரண்டி போச்சா?”

“போச்சு மாமா.”

“நல்லது. உங்க அக்கா கேட்டா நான் இந்தப் பக்கமே வரல.”

முதல் டிஸ்க்கை சர்வரில் மாட்டியபோது அது சுற்றவே இல்லை. கையை வைத்துப் பார்த்தாள், ஒரு துடிப்பும் இல்லை. மாமாவின் முகம் சுருங்கியது. குடைச்சலோ சிரித்தாள். டிஸ்க்கின் பின்னால் மின்சாரம் போகிற உலோகப் பற்களில் மூன்றாவது பல் இந்த டிஸ்க்குகளில் ‘தூங்கு’ என்று சொல்கிற பல். அதன் மேல் நூலளவு டேப் ஒட்டி மறைத்துவிட்டால் எழுந்துகொள்ளும். மாமாவின் கடையிலிருந்து வந்த மெல்லிய மஞ்சள் டேப்பை நறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினாள். டிஸ்க் ‘உய்ங்’ என்று கண் விழித்தது. “அடேயப்பா!” என்றார் மாமா. அந்த ஒரு ‘அடேயப்பா’தான் அவளைக் கெடுத்தது என்று நான் சொல்வேன். அதற்குப் பிறகு அவள் கால் தரையில் பாவவில்லை.

ஆறையும் மாட்டினாள். சர்வர் ஆறையும் பார்த்துவிட்டு, எதிலும் எனக்குப் புரிகிற மாதிரி ஒன்றுமில்லை, எல்லாம் காலி என்றது. புது டிஸ்க் காலியாக இருப்பதில் என்ன அதிசயம்? முழு டெஸ்ட்டைத் தட்டிவிட்டாள். டிஸ்க்கின் முதல் மூலையிலிருந்து கடைசி மூலைவரை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து, பழுது இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை அது. அக்கா திரும்பி வரும்வரை ஓடும். ஓடட்டும். அக்கா வந்து பார்க்கும்போது ஆறு பச்சை விளக்கும் வரிசையாக எரிய வேண்டும்.

இரண்டு நாள் அவள் அந்த அறைக்கும் அடுப்படிக்கும் நடந்த நடைக்கு, நேர்க்கோட்டில் நடந்திருந்தால் அக்காவையே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். உட்காருவாள், எழுந்திருப்பாள், சதவீதத்தைப் பார்ப்பாள். சூடு அதிகமா என்று தொட்டுப் பார்ப்பாள். கையிலிருந்த நூலக அட்டையை மடக்கி மடக்கி அதையும் ஒடித்துவிட்டாள். மாமா தன் பங்குக்குப் பின்னறை மேஜையைப் பளபளவென்று துடைத்து வைத்தார்.

அக்கா திரும்புகிற நாள் காலையில் போன் வந்தது. அக்காவின் குரலில் அப்படியொரு சந்தோஷம்.

“அடியே, அவங்களுக்குப் பிடிச்சிருக்குடி! முழுப் படமும் கேக்கறாங்க. நான் மத்தியானம் வந்துடுவேன். சர்வர் ரெடியா?”

“ரெடிக்கா! டெஸ்ட் முடியப்போகுது.”

“அப்ப முதல்ல பாலத்த ஏத்திடு. பழைய டிஸ்க்கெல்லாம் அங்கங்க நின்னு நின்னு ஓடுச்சு, எனக்குப் பயமாயிடுச்சு. புதுசுல ஒன்ன எடுத்து, எல்லாப் பாலத்தையும் அதுக்கு மாத்திட்டு, பழசுகள அழிச்சுட்டேன். நீதான் சொன்னியே, பெட்டியக் கழட்டினாலும் உள்ள இருக்கிறது அப்படியே இருக்கும்னு. அதான் அட்டைப்பெட்டியில திரும்ப வெச்சுட்டேன்.”

குடைச்சலின் கண் சர்வரின் ஆறு விளக்குகள் மேல் போனது. “சரிக்கா” என்று சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை. போனை வைத்தாள். அடுத்த நொடி பாய்ந்துபோய் சர்வரின் பிளக்கைப் பிடுங்கினாள். ஆறு விளக்கும் ஒன்றாக அணைந்தன.

எல்லாம் காலி என்றுதானே சர்வர் சொன்னது? அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தச் சின்னப் பச்சை போர்டு வெறும் தரகர் இல்லை. சில கம்பெனிப் பெட்டிகளில், டிஸ்க்கில் எழுதுவதையெல்லாம் அது பூட்டித்தான் எழுதும். அந்த போர்டு வழியாகப் பார்த்தால் படம் தெரியும். போர்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் நிறைந்த டிஸ்க்கும் வெறும் டிஸ்க்காகத்தான் தெரியும். யாரோ எப்போதோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறாள். அதுவரை அவள் பிரித்த பெட்டிகள் எதுவும் அப்படி இல்லை, அதனால் காதோடு விட்டுவிட்டாள். கேபிளில் ஒரே ஒரு தடவை மாட்டிப் பார்த்திருந்தால் பாலம் கண்ணெதிரே வந்து நின்றிருக்கும்.

“மாமா! அந்த போர்டெல்லாம் எங்க? பிளாஸ்டிக்கோட மேஜை மேல வெச்சிருந்தேனே!”

மாமா குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். “அந்தக் குப்பையா? இப்பத்தான் பழைய சாமான் எடுக்கிற அம்மா வந்தாங்க, போட்டுட்டேன். மேஜை எப்படி இருக்கு பாரு!”

அவள் செருப்பு போடவில்லை. படியில் இறங்கினாளா குதித்தாளா என்பது அவளுக்கே தெரியாது. தெருவில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் முதலில் தப்பான பக்கம் ஓடி, தையல்காரரிடம் கேட்டுத் திரும்பி ஓடினாள். பேக்கரி தாண்டி, மருந்துக் கடை தாண்டி, பள்ளிக்கூடச் சுவர் முடிகிற இடத்தில் தள்ளுவண்டி நின்றுகொண்டிருந்தது. வண்டிக்காரம்மா நடைபாதையில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் தனியாக இரும்பு தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். கறுப்புப் பெட்டிகள் அதற்குள் மிதிபட்டுத் தட்டையாகியிருந்தன.

“அம்மா, அது... அந்தப் பச்சை போர்டு... ஆறு... தெரியாம போட்டுட்டாங்க...”

“போட்டது போட்டதுதான். திரும்பக் குடுத்தா எனக்கு என்ன மிச்சம்?”

“ப்ளீஸ்ம்மா. எங்க அக்காவோட வேலையெல்லாம் அதுல இருக்கு.”

வண்டிக்காரம்மா அவளுடைய வெறுங்காலைப் பார்த்தாள். பிறகு ஒரு சாக்கை அவள் பக்கம் தள்ளினாள். “ஒயரு, போர்டு எல்லாம் இதுல இருக்கும். நீயே தேடிக்க. கையக் கிழிச்சுக்கிட்டு என்னக் குத்தம் சொல்லாத.”

குடைச்சல் நடைபாதையிலேயே சாக்கைக் கவிழ்த்தாள். ரிமோட்டுகளின் வயிறு, சார்ஜர்களின் வால், பொம்மைக் காரின் மோட்டார். வேறு ஒரு நாளாக இருந்தால் அந்தச் சாக்கோடு குடித்தனமே நடத்தியிருப்பாள். அன்றைக்கு எதுவும் கண்ணில் படவில்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஆறு போர்டையும் சேர்த்துக்கொண்டு வந்த வழியே ஓடினாள். விரலில் ரத்தம் வந்திருந்தது. வாசலில்தான் அதைப் பார்த்தாள்.

எந்த டிஸ்க்கிலிருந்து எந்த போர்டு கழன்றது என்று அவள் குறித்து வைக்கவில்லை. ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒவ்வொரு போர்டாக மாட்டினாள், கேபிளைச் செருகினாள், திரையைப் பார்த்தாள், பிடுங்கினாள். மாமா பின்னால் நின்று ஒவ்வொரு தடவையும் “இது?” என்று கேட்டார். பிறகு கேட்பதையும் விட்டுவிட்டார். எதிலும் பாலம் இல்லை. எதில் பாலம் இருந்தது என்பதுகூடத் தெரியவில்லை. ஆறு டிஸ்க்கும் ஒன்றையொன்று உரித்து வைத்த மாதிரி வெறுமையாக இருந்தன.

அவள் தரையில் உட்கார்ந்தாள். உண்மையில் பிளக்கைப் பிடுங்கிய நிமிடத்திலேயே அவளுக்குத் தெரியும். டெஸ்ட் முதல் மூலையிலிருந்துதான் எழுதிக்கொண்டு போகும். அக்காவின் பாலம் அந்தப் பெரிய டிஸ்க்கின் முன்பகுதியில் கொஞ்ச இடத்தில்தான் இருந்திருக்கும். அக்கா ஊர் போய்ச் சேர்வதற்குள் சோதனை அந்த இடத்தைத் தாண்டியிருக்கும். போர்டுக்காக ஓடியதெல்லாம் மனசு கேட்காமல் ஓடியது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர்களையும், பாதிப் பாலத்தில் சண்டை போட்டவர்களையும் அவளே உட்கார்ந்து, மேலே மேலே எழுதி, பழுதில்லை பழுதில்லை என்று சரிபார்த்து அழித்திருக்கிறாள்.

மாமா பக்கத்தில் குந்தினார். அவருடைய துணியைக் கொடுத்தார். அவள் விரலில் சுற்றிக்கொண்டாள்.

“நான் ஒன்னு சொல்றேன், கோபப்படாத” என்றார் மெதுவாக. “புது டிஸ்க்கு வாங்கின அன்னைக்கே கெட்டுப்போறது இல்லையா? எங்க கடையில லென்ஸ் உடைஞ்சே வருது. டிஸ்க்கு உள்ளயே செத்துப்போச்சுன்னு சொல்லிடுவோம். நானும் கூட நின்னு சொல்றேன். அவ உன்னத் திட்டமாட்டா. அழுவா. ஆனா உன் மேல கோபம் இருக்காது.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மனைவியும் வேண்டும், மைத்துனியும் வேண்டும், வீட்டில் சத்தமும் கூடாது. அக்காவுக்கு டிஸ்க்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. நம்பிவிடுவாள். குடைச்சல் அந்தப் பொய்யை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் ஒரு விரிசலும் இல்லை. அக்கா அழுவாள், பிறகு தேறுவாள், குடைச்சல் இந்த வீட்டிலேயே இருப்பாள், அடுத்த வேலையும் அவள் கைக்கே வரும். அந்த அடுத்த வேலையைத்தான் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எழுந்து போய் முகத்தைக் கழுவினாள். திரும்பி வந்து ஜன்னலருகே நின்றாள். நிற்க முடியாமல் வாசலுக்குப் போனாள். வாசலிலும் நிற்க முடியவில்லை. கட்டிப் போட்ட கன்றுக்குட்டி மாதிரி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

ஆட்டோ வந்து நின்றது. அக்கா இறங்கும்போதே சிரித்துக்கொண்டிருந்தாள். தோளில் எப்போதும் தொங்குகிற பெரிய துணிப்பை.

“எங்கடி என் சர்வர்?”

“அக்கா, பாலம் போச்சு.”

மாமா வாயைத் திறந்தார். குடைச்சல் அவரைப் பேச விடவில்லை. மென்று விழுங்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். கேபிளில் மாட்டிப் பார்க்காதது, ஒட்டுப் பிரிந்திருந்ததைப் பார்த்தும் விட்டது, டெஸ்ட் ஓட்டியது, சாக்கைக் கவிழ்த்தது. “டிஸ்க்கு மேல தப்பில்ல. என் மேலதான். உள்ள இருக்கிறது அப்படியே இருக்கும்னு நான்தான் உன்கிட்ட சொன்னேன்.”

அக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்தாள்.  அவள் கத்தினால் தேவலை என்றிருந்தது குடைச்சலுக்கு. அக்கா கத்தவில்லை. துணிப்பையை மடிக்கு இழுத்து, துண்டையும் சீப்பையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துப் படியில் வைத்தாள். அடியில் சால்வையில் சுற்றி ஒரு சின்ன டிஸ்க் இருந்தது.

“பாலம் இதுல இருக்கு” என்றாள்.

 குடைச்சல் அந்த டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். மாமா சிரித்தார், கண்ணைத் துடைத்தார், “அட பாவி, சொல்லக் கூடாதா, எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு” என்று அக்காவின் தலையில் செல்லமாகத் தட்டினார். ஒரு நிமிடம் அந்த வாசற்படியில் மூன்று பேருக்கும் உயிர் திரும்பி வந்தது.

அழுகை நின்றதும் குடைச்சலுக்கு வேறொன்று வந்தது.

“இது எப்ப எடுத்த காப்பி?”

“கிளம்பறதுக்கு முந்தின நாள்.”

“நான் பிரிக்கப்போறேன்னு தெரிஞ்ச பிறகா?”

அக்கா துண்டை எடுத்துப் பைக்குள் திரும்ப வைத்தாள்.

“பழச அழிச்சுட்டேன்னு சொன்ன. புதுசுல ஒன்னுதான் இருக்குங்கிற மாதிரி பேசின. ஆனா இத எடுத்துக்கிட்டுப் போயிட்ட.”

“எடுத்துக்கிட்டுப் போனதாலதான இப்ப இருக்கு?”

“அது சரிதான்க்கா. நான் அதக் கேக்கல.”

அக்கா நிமிர்ந்தாள். அவளும் பொய் சொல்கிறவள் இல்லை. “உன் கைக்கு எது போனாலும் நான் ஒன்னு தனியா எடுத்து வெச்சுக்குவேன்டி. சின்ன வயசுலேர்ந்து. என் சான்றிதழ உன்கிட்ட நகல் எடுக்கக் குடுத்தேனே, அதுக்கு முன்னாடியே வேற நகல் எடுத்து வெச்சுட்டுத்தான் குடுத்தேன். வீட்டுச் சாவி உன்கிட்ட ஒன்னு இருக்கிறதாலதான் பக்கத்து வீட்டுல ஒன்னு இருக்கு. பழகிப்போச்சு. யோசிச்சுச் செய்யறது இல்ல.”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்தச் சாதாரணம்தான் குடைச்சலைக் குத்தியது. பாலம் போனதென்று நினைத்தபோது அவளுக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது. பாலம் கிடைத்த பிறகு, வாசற்படியில் நின்றுகொண்டு, அதைவிட மோசமாக இருந்தது. தன்னை நம்பிக் கொடுத்த வேலை என்று இரண்டு நாள் தரையில் கால் படாமல் திரிந்தாளே, அப்படியொரு வேலை இந்த வீட்டில் அவளுக்கு ஒருநாளும் கொடுக்கப்படவில்லை.

“சரி” என்றாள். “கம்பெனி ஆளக் கூப்பிடு. நான் இனிமே எதையும் தொடல.”

உள்ளே போய், மேஜை மேல் கிடந்த டிஸ்க்குகளை வரிசையாக அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்தாள். மறுபடி அடுக்கினாள். வாசலில் மாமா தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. “டிஸ்க்கு கெட்டுப்போச்சுன்னு சொல்லுன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். நானும் சாட்சி சொல்றேன்னேன். கேக்கல. நீ ஆட்டோவுல இருந்து இறங்கறதுக்குள்ள சொல்லிட்டா.”

அக்கா என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் பின்னறைக்கு வந்தாள். கையில் அந்தச் சின்ன டிஸ்க். மேஜையில் வைத்தாள்.

“இப்ப இது ஒன்னுதான் இருக்கு” என்றாள். “நாளைக்கு அவங்களுக்கு அனுப்பணும். சர்வர்ல ஏத்து. நான் பக்கத்துல உக்கார்றேன்.”

“பக்கத்துல உக்கார்றதா இருந்தா நான் பண்ணமாட்டேன்.”

“என்னடி வீம்பு?”

“வீம்பு இல்லக்கா. நீ பாத்துக்கிட்டே இருந்தா அது நான் பண்ற வேலை இல்ல. என்னால முடியாது. கம்பெனி ஆள் வந்தா அவன் பக்கத்துல உக்காருவியா? காபி குடுத்துட்டு உன் வேலையப் பாக்கப் போயிடுவ.”

அக்காவின் கை மேஜை மேலிருந்த டிஸ்க்கின் பக்கத்திலேயே இருந்தது. குடைச்சல் அந்தக் கையைப் பார்த்தாள். விடியற்காலை மழையில் கேமராவை நனையாமல் பொத்திப் பிடித்த கை. அது எடுத்துக்கொள்ளும் என்று நினைத்தாள். எடுத்துக்கொண்டால் தவறில்லை என்றும் நினைத்தாள், தான் அக்காவாக இருந்தால் எடுத்துக்கொண்டுதான் போவேன் என்று.

அக்கா டிஸ்க்கைத் தொட்டாள். விட்டாள். திரும்பி நடந்தாள்.  கூடத்தில் அவள் குரல் கேட்டது. “வாங்க, கடைவரைக்கும் போயிட்டு வரலாம்.”

“இப்பத்தான வந்த, எதுக்குக் கடைக்கு?” என்றார் மாமா.

“வாங்கன்னா வாங்க. நான் இங்கயே இருந்தா எழுந்து எழுந்து போய்ப் பாப்பேன்.”

வெளிக்கதவு மூடிக்கொண்டது. வீட்டில் சத்தமே இல்லை. குடைச்சல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டிஸ்க்கைக் கேபிளில் மாட்டினாள். பாலம் திரையில் வந்தது, மழையோடு.  முதல்முறையாக அக்காவிடம் வேறு காப்பி இல்லை.